கல் பொறுக்க நேரமில்லாத காடு

செல்லங்களா, ஒருவர் மேல் கல்லெறிகிறார்களே, அந்தக் கல் அதற்கு முன்னால் எங்கே கிடந்தது என்று என்றைக்காவது யோசித்ததுண்டா?

இருக்காது. கல்லுக்காட்டு விலங்குகளும் யோசித்ததில்லை.

கல்லுக்காடும் புல்லுக்காடும் அடுத்தடுத்த காடுகள். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மடு. கோடை வந்தால் ஓடையும் குட்டையும் வற்றிப்போகும். அந்த மடுவில் மட்டும்தான் தண்ணீர் நிற்கும். அதில் யார் முதலில் குடிப்பது என்று அடித்துக்கொண்டால் ரத்தம்தான் ஓடும். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். மாதத்துக்கு ஒருமுறை இரண்டு காடும் பந்து விளையாடும். ஒரு மாதம் இந்தக் காட்டுத் திடலில், மறுமாதம் அந்தக் காட்டுத் திடலில். ஜெயித்த காடு அந்த மாதம் முழுக்க முதலில் இறங்கித் தெளிந்த தண்ணீர் குடிக்கும். தோற்ற காடு, அவர்கள் கலக்கிவிட்டுப் போன சேற்றைக் குடிக்கும்.

பந்து என்றால் காட்டுக்கொடியைச் சுற்றி, உள்ளே இலவம்பஞ்சு அடைத்த பந்து. அதைக் கையால் தொடக் கூடாது. ஆகவே குரங்குகளுக்கு ஆட்டத்தில் இடமில்லை. மரத்தில் உட்கார்ந்து கத்துவதுதான் அவர்கள் வேலை. கத்துகிற கூட்டத்துக்குத் தலைவன் தொண்டையன் என்ற கருங்குரங்கு. அவன் கத்தினால் பக்கத்து மரத்தில் பழம் உதிரும்.

கல்லுக்காட்டின் பேர்பெற்ற ஆட்டக்காரன் வரியன். அவன் ஒரு சருகுமான். முயல் உயரம்தான் இருப்பான். ஆனால் பந்தோடு கிளம்பிவிட்டால், எதிரே நிற்கிற கடமானின் கால்களுக்கு நடுவிலேயே புகுந்து அந்தப் பக்கம் வந்துவிடுவான். கடமான் குனிந்து தேடுவதற்குள் பந்து எல்லையைத் தாண்டியிருக்கும்.

"வரியா! எங்கள் உயிரே!" என்று தொண்டையன் கத்துவான்.

"எங்கள் உயிரே!" என்று காடே கத்தும்.

வரியன் எந்த இடத்தில் நின்று பந்தை உதைத்தானோ, அந்தக் குளம்புத் தடத்தைச் சுற்றிப் பூ வைப்பார்கள். தாய் விலங்குகள் குட்டிகளைத் தூக்கிவந்து அந்தத் தடத்தில் உருட்டி எடுப்பார்கள். பிள்ளைக்குக் காலில் வேகம் வருமாம். கீரியம்மா ஒருத்தி இருந்தாள். அவள் தன் பிள்ளைகளை உருட்டிய உருட்டில் அதுகளுக்குத் தலை சுற்றி, வீட்டுக்குப் போகும் வழி தெரியாமல் நின்றதுகள்.

இதையெல்லாம் ஓரமாக நின்று பார்த்துப் பூரித்துப் போவாள் மருதாயி. அவள் வரியனின் அக்கா. தாயைச் செந்நாய் கொண்டுபோன பிறகு தம்பியை வளர்த்தவள் அவள்தான். கீழே விழுந்த நெல்லிக்காயை உதைத்து உதைத்து, அவனுக்குக் குறி பழக்கியவளும் அவள்தான். அவள் உதைத்த நெல்லிக்காய் நினைத்த இடத்தில் போய் நிற்கும். ஊரே அதைச் சொல்லி வியக்கும்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு குறை. கல்லுக்காட்டுத் திடல் முழுக்கக் கூர்க்கல்.

ஒருநாள் ஜெயித்துவிட்டு வந்த வரியன் நொண்டினான். மருதாயி அவன் காலை நக்கித் துடைத்துப் பார்த்தாள். குளம்பு நடுவில் வெடித்திருந்தது.

"இதை வைத்துக்கொண்டா இவ்வளவு நேரம் ஓடினாய்? உனக்குப் புத்தி இருக்கிறதாடா?"

"ஓடாவிட்டால் சேற்றுத்தண்ணீர் அக்கா. நீ இப்போது வயிற்றுப்பிள்ளைக்காரி. உனக்குத் தெளிந்த தண்ணீர் வேண்டும்."

மறுநாள் வரியன் எல்லோரையும் பார்த்துக் கேட்டான். "அண்ணே, அக்கா, உங்களிடம் நான் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. திடலில் கிடக்கிற கல்லை எல்லோரும் சேர்ந்து ஒரு காலைப்பொழுது பொறுக்கிப் போட்டால் என் கால் பிழைக்கும்."

"கல்லா? எந்தக் கல்?" என்றான் தொண்டையன், மரத்தில் சாய்ந்தபடி. "நீ ஓடு தம்பி. உன்னைப் பார்த்தால் கல்லே ஒதுங்கும்!"

எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள்.

"எனக்குக் கொட்டை சேர்க்கவே நேரம் போதவில்லை" என்றது அணில்.

"காலையில் கிழங்கு தோண்ட வேண்டும். மதியம் தூங்க வேண்டும்" என்றான் மொத்தையன் என்ற காட்டுப்பன்றி. "அப்புறம் நேரம் ஏது?"

"எனக்குப் பிள்ளைகளைக் குளிப்பாட்டவே பொழுது சரியாக இருக்கிறது" என்றாள் கீரியம்மா.

அடுத்த ஆட்டம் முடிந்ததும் மறுபடி கேட்டான். "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்றார்கள். அடுத்த மாதமும் கேட்டான். அதற்கடுத்த மாதம் என்றார்கள். பூ வைப்பதற்கு மட்டும் ஒருநாளும் நேரம் இல்லாமல் போகவில்லை.

மருதாயிக்குப் பொறுக்கவில்லை. "வாடா, நாமே பொறுக்குவோம்" என்று தம்பியை அழைத்துக்கொண்டு போனாள். சருகுமானுக்குக் கை ஏது? வாயால் ஒவ்வொன்றாகக் கவ்வி எடுத்தார்கள். மருதாயிக்கு வயிறு தரையில் இடித்தது. பல் கூசியது. வெயில் ஏறும்வரை பொறுக்கியும் ஒரு மூலைகூட முடியவில்லை.

மேலே கிளையில் உட்கார்ந்திருந்த தொண்டையன், "அதோ, அந்தப் பக்கம் ஒன்றை விட்டுவிட்டீர்கள் பாருங்கள்!" என்று கை நீட்டி உதவி செய்தான்.

அந்த மாதம்தான் புல்லுக்காட்டிலிருந்து உடும்பு ஒன்று தூது வந்தது. "எங்கள் திடலில் ஒரு கல் கிடையாது. முழுக்க அருகம்புல். முதலில் வந்து படுத்துக் காலை ஆற்றிக்கொள். ஆறிய பிறகு ஆடலாம். அவசரமில்லை" என்றது.

வரியன் அக்காவிடம் வந்தான்.

"போகாதேடா" என்றாள் மருதாயி. "காடு என்ன சொல்லும்?"

"இன்னும் ஓர் ஆட்டம் இந்தக் கல்லில் ஆடினால் கால் போய்விடும் அக்கா. கால் போன சருகுமானைச் செந்நாய் எத்தனை நாள் விட்டுவைக்கும்? அப்போது இந்தக் காடு என்ன செய்யும்?"

மருதாயி குனிந்து அவன் வெடித்த குளம்பை நக்கினாள்.

"நீயும் வந்துவிடு அக்கா."

"இந்த வயிற்றோடு, வழியில் செந்நாய் பதுங்கும் பள்ளத்தை எப்படித் தாண்டுவேன்? நீ முதலில் போ. நான் பெற்றெடுத்து, குட்டிக்குக் கால் திடமானதும் வருகிறேன்."

வரியன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போகவில்லை. திடல் நடுவில் நின்று, "கால் ஆறவில்லை. அதனால் போகிறேன். உங்கள் அன்பை மறக்க மாட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுத்தான் போனான்.

அவன் முதுகு மறைவதற்குள் தொண்டையன் ஆரம்பித்துவிட்டான்.

"துரோகி! இந்தக் காட்டில் பிறந்து, இந்தக் காட்டு இலையைத் தின்று, எதிரிக் காட்டுக்குப் போகிறான்!"

"துரோகி!" என்று காடே கத்தியது. நேற்று "எங்கள் உயிரே" என்று கத்திய அதே சுருதி.

பூவையெல்லாம் மிதித்துத் தள்ளினார்கள். குளம்புத் தடங்களைக் குப்பை போட்டு மூடினார்கள். கீரியம்மா தன் பிள்ளைகளை மறுபடி மணலில் புரட்டிப் புரட்டித் தேய்த்தாள். அந்தத் தடத்தில் ஒட்டிய அழுக்குப் போக வேண்டுமாம்.

"கால் வலியாவது ஒன்றாவது. எல்லாம் நடிப்பு" என்றது அணில்.

"யோசித்துப் பார்த்தால், அவன் என்ன பெரிய ஆட்டக்காரன்? நான் கத்திய கத்தலில்தான் அவன் ஜெயித்தான்" என்றான் தொண்டையன்.

அடுத்த ஆட்டம் புல்லுக்காட்டில். வரியன் ஆடவில்லை, நிழலில் காலை நீட்டிப் படுத்திருந்தான். ஆனாலும் கல்லுக்காடு தோற்றது. தொண்டையன் தொண்டை கிழியக் கத்தித்தான் தோற்றது.

கோடை உச்சிக்கு ஏறியது. சேற்றுத்தண்ணீர் குடித்துக் குடித்து எல்லோருக்கும் வயிறு மந்தித்தது, வாய் கசந்தது. அந்தக் கசப்பை எங்காவது துப்ப வேண்டுமே!

மருதாயி அப்போதுதான் குட்டி போட்டிருந்தாள். நிற்கவே தடுமாறும் குட்டியை அழைத்துக்கொண்டு மடுவுக்கு வந்தாள். வழியில் மொத்தையன் குறுக்கே படுத்திருந்தான்.

"துரோகி வீட்டுக்கு இங்கே தண்ணீர் இல்லை."

"மொத்தையண்ணே, நான் எங்கேயும் போகவில்லையே. இங்கேதானே இருக்கிறேன்!"

"நீ போகவில்லை. அவன் போய்விட்டான். அவனை எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. நீ இருக்கிறாய்" என்றான் மொத்தையன். அவனுக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை. எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள், அவனும் சொன்னான்.

அன்றிலிருந்து, காடு முழுக்கக் குடித்து முடித்த பிறகுதான் மருதாயியை விட்டார்கள். அதற்குள் அடியில் ஈரச்சேறுதான் மிஞ்சியிருக்கும். அதை நக்கி எவ்வளவு பால் ஊறும்? குட்டி மடியை முட்டி முட்டிப் பார்த்துவிட்டு, காது தொங்கப் படுத்துக்கொள்ளும். மூக்கு காய்ந்து கிடக்கும்.

'இவனைக் கூட்டிக்கொண்டு தம்பியிடம் போய்விடலாமா?' என்று யோசித்துப் பார்ப்பாள். குட்டிக்கு நான்கடி நடந்தால் கால் மடங்கியது. நடுவிலோ செந்நாய்ப் பள்ளம்.

'எல்லாம் உன்னால்தானேடா' என்று ஒரு நேரம் தம்பியை மனசுக்குள் திட்டவும் செய்தாள். திட்டிவிட்டு அழுதாள்.

மறுமாத ஆட்டம் கல்லுக்காட்டுத் திடலில். வரியன் ஆட வருகிறான் என்று சேதி வந்தது.

தொண்டையன் மரத்துக்கு மரம் தாவி அறிவித்தான். "ஆளுக்கு ஒரு குவியல் கல்! துரோகி திடலில் கால் வைத்ததும் தெரிய வேண்டும், கல்லுக்காடு என்றால் என்ன என்று!"

விடிந்ததும் விடியாததுமாகக் காடு முழுக்கத் திடலுக்கு வந்துவிட்டது. கொட்டை சேர்க்க நேரமில்லாத அணில் கல் சேர்த்தது. மொத்தையன் தூக்கத்தை விட்டு வந்து மூக்காலேயே கல்லை உழுது தள்ளினான். கீரியம்மா பிள்ளைகளையும் கூட்டிவந்திருந்தாள். "சின்னதாக எடுக்காதே, கூராகப் பார்த்து எடு" என்று சொல்லிக் கொடுத்தாள். ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு பொறுக்கினார்கள். வெயில் ஏறுவதற்குள் மரத்தடியெல்லாம் கல் குவிந்துவிட்டது.

மருதாயி வந்து பார்த்தாள். சாணி தெளித்துப் பெருக்கிய வாசல் மாதிரி இருந்தது திடல். மருந்துக்குக்கூட ஒரு கல் இல்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அன்று தம்பியோடு வாயால் பொறுக்கியும் முடியாத மூலையை ஒருமுறை பார்த்தாள்.

தொண்டையன் கீழே இறங்கி அவளிடம் வந்தான். "மருதாயி, நீ இந்தக் காட்டுக்காரிதானே?"

"அதில் என்ன சந்தேகம்?"

"எங்களுக்குச் சந்தேகமாக இருக்கிறதே. நீயும் அவன் மேல் ஒரு கல்லைக் காலால் எற்று. ஒன்றே ஒன்று. ஆனால் அவன் மேல் பட வேண்டும். பட்டால் இன்றிலிருந்து உனக்கும் உன் குட்டிக்கும் எல்லோரோடும் சேர்த்துத் தண்ணீர். படாவிட்டால் ஈரச்சேறும் கிடையாது."

ஒரு கல்லை அவள் காலடியில் உருட்டிவிட்டுப் போனான்.

ஆட்டம் ஆரம்பித்தது. பந்து வரியன் காலுக்கு வரும்போதெல்லாம் மரங்களிலிருந்து கல் பறந்தது. ஒன்று காதைக் கிழித்தது. ஒன்று விலாவில் பட்டது. ஆனாலும் அவன் ஓடினான். ஆறிய காலோடு, கல் பொறுக்கிய தரையில், தான் பிறந்த காட்டுத் திடலில் அன்றைக்குத்தான் அவன் முதன்முதலாகக் கால் வலி இல்லாமல் ஓடினான். கல்லுக்காட்டுக் கடமானுக்கு அடியில் புகுந்தான். அந்தப் பக்கம் வந்தான். பந்து எல்லையைத் தாண்டியது.

வழக்கமாக அவன் ஒரு துள்ளல் துள்ளுவான். அன்றைக்குத் துள்ளவில்லை. பழைய கூட்டம் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பி, தலையைத் தாழ்த்தி நின்றான்.

"நக்கலைப் பார்!" என்று தொண்டையன் கத்தினான். "நம்மைப் பார்த்துத் தலையாட்டுகிறான்!"

கல் மழையாகப் பெய்தது.

புல்லுக்காடு ஜெயித்தது. ஆட்டம் முடிந்து, வரியன் திடல் ஓரமாக நடந்து வந்தான். அங்கே மருதாயி நின்றிருந்தாள். அவள் காலடியில் கல். பக்கத்தில் குட்டி படுத்திருந்தது. சுற்றிலும் கூட்டம்.

"ம், எற்று!" என்றான் தொண்டையன்.

மருதாயி எற்றினாள். கல் உருண்டுபோய் வரியனுக்கு முன்னால் நின்றுவிட்டது.

"தவறிவிட்டது" என்றாள்.

"உன் கால் தவறுமா?" என்று தொண்டையன் இளித்தான். "நெல்லிக்காயால் எறும்பை அடித்தவளாச்சே நீ! யாரை ஏய்க்கிறாய்? பட்டால்தான் தண்ணீர்."

வரியனுக்கு அது கேட்டது. அவன் அக்காவைப் பார்த்தான். பிறகு குட்டியைப் பார்த்தான். ஒட்டிய வயிறு. காய்ந்த மூக்கு. வெளியே தொங்கும் நாக்கு. தான் போன பிறகு இங்கே என்ன நடந்தது என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கல்லை மூக்கால் தள்ளிக்கொண்டே வந்து அக்காவின் காலடியில் நிறுத்தினான். பிறகு நான்கடி தள்ளிப்போய், பக்கவாட்டில் திரும்பி நின்றுகொண்டான்.

"எற்று அக்கா."

"போடா. போய்விடுடா."

"பிள்ளைக்குத் தாகமாக இருக்கிறது. எற்று."

மருதாயி கண்ணை மூடிக்கொண்டு எற்றினாள்.

அவள் கால் தவறாது என்று சொன்னேன் அல்லவா? தவறவில்லை. முன்னங்காலில், அவள் ஒருகாலத்தில் நக்கித் துடைத்த குளம்புக்குச் சற்று மேலே பட்டது.

காடு அதிர்ந்தது. வரியன் ஜெயித்துக் கொடுத்த நாள்களில்கூட அப்படி ஒரு கூச்சல் எழுந்ததில்லை. அணில் குதித்தது. மொத்தையன் தரையில் புரண்டான். கீரியம்மா மருதாயியைக் கட்டிக்கொண்டு, "நீதானம்மா எங்கள் பிள்ளை!" என்றாள்.

வரியன் நொண்டிக்கொண்டே புல்லுக்காட்டுப் பக்கம் நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அக்கா அழுவாள் என்று அவனுக்குத் தெரியும்.

மொத்தையன் வழியை விட்டான். குட்டி எல்லோரோடும் மடுவில் இறங்கிக் குடித்தது. தோற்ற காடு அல்லவா? அதுவும் சேற்றுத்தண்ணீர்தான். மருதாயி அன்றைக்குக் குடிக்கவில்லை.

எறிந்த கல்லையெல்லாம் மறுபடி பொறுக்கி மரத்தடியில் குவித்துவைத்தார்கள், அடுத்த முறைக்கு வேண்டுமே! கொஞ்ச நாள் கழிந்தது. தொண்டையன் ஒரு விருந்தாளியை அழைத்து வந்தான். தூரத்து மூங்கில்காட்டின் முதல் பந்தாட்டக்காரன், வெள்ளைக்காலன் என்ற முயல். வழியெல்லாம் பூ. திடல் நடுவில் அவனை நிற்க வைத்துக் காடே சூழ்ந்துகொண்டது.

"பார்த்தாயா தம்பி! தேடினாலும் ஒரு கல் கிடைக்குமா?" என்றான் தொண்டையன். "ஆட்டக்காரனின் கால் எங்களுக்குக் கண் மாதிரி."

"ஆமாம், நல்ல திடல். யார் இவ்வளவு சுத்தமாகப் பொறுக்கியது?" என்றான் முயல்.

"நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான்!" என்றது அணில். அது பொய்யும் இல்லை.

முயல் தயங்கினான். "நான் வந்துவிட்டால் எங்கள் காட்டில் கோபித்துக்கொள்வார்களே. துரோகி என்பார்களே."

"சொன்னால் சொல்லட்டும்!" என்று தொண்டையன் மார்பில் தட்டினான். "திறமை உள்ளவன் நல்ல தரை தேடிப் போகிறான். அதில் என்ன தப்பு? அறிவிருக்கிறவர்களுக்கு அது புரியும்."

"புரியும், புரியும்" என்று எல்லோரும் தலையாட்டினார்கள். கீரியம்மா அதற்குள் முயலின் கால்தடத்தில் பிள்ளைகளை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"மரத்தடியில் அந்தக் குவியல் எதற்கு?" என்று கேட்டான் முயல்.

"அதுவா? அது சும்மா கிடக்கிறது" என்றான் தொண்டையன்.

முயல் சுற்றிலும் பார்த்தான். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிரிக்காமல் ஓரமாக ஒரு சருகுமான் குட்டியோடு நின்றிருந்தாள். முயல் அவளிடம் போனான்.

"அக்கா, எல்லோரும் கூப்பிடுகிறார்கள். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே. நான் வரலாமா?"

மருதாயி தொண்டையனைப் பார்த்தாள். மரத்தடிக் குவியலைப் பார்த்தாள்.

"வருவதும் வராததும் உன் விருப்பம் தம்பி. உன்னோடு பிறந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா?"

"ஒரே ஒரு தங்கை. இன்னும் சின்னவள்."

"அப்படியென்றால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன், எனக்காகச் செய். வருவதாக இருந்தால் அவளையும் கையோடு கூட்டிக்கொண்டு வா. அவளை மட்டும் அங்கே விட்டுவிட்டு வராதே அப்பா."

நீதி: நம்மிடம் வருகிறவருக்கு ஒரு நியாயம், நம்மை விட்டுப் போகிறவருக்கு ஒரு நியாயம் என்று வைத்திருப்பவர்களிடம் நியாயமே இல்லை.